கீழ்த்தாடை ஞானப்பல்: எடுப்பதும் ஆறுவதும்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில், திருமழபாடி என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பழைய சிவன் கோயிலின் இறைவனுக்கு வைத்தியநாதர் என்று பெயர். நோய் தீர வேண்டி அங்கே வருவோர் பலர். நமக்கு இப்போது வேண்டியது அக்கோயில் கல்வெட்டு ஒன்று தரும் செய்தி. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன், பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் ஏட்டில் படியெடுத்து வைத்துக்கொண்டார்கள். கோயில் எழும்பிய பிறகு, அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், ஏட்டைப் பார்த்து அவற்றை மறுபடியும் கல்லில் வெட்டினார்கள்.

பல்லைப் பற்றிய கட்டுரையில் கல்வெட்டு எதற்கு என்று கேட்பீர்கள். கீழ்த்தாடையில் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை எடுக்கும் மருத்துவரும் இப்படித்தான் வேலை செய்கிறார். ஈற்றில் முதல் கீறலைப் போடும்போதே, வேலை முடிந்தபின் அந்த ஈறு எந்த எலும்பின்மேல் திரும்பப் படிய வேண்டும், எங்கே தையல் விழ வேண்டும் என்று அவர் தீர்மானித்திருக்க வேண்டும். பல் வெளியே வந்துவிடுவதோடு அறுவை முடிவதில்லை. பக்கத்துப் பல், அதைச் சுற்றிய ஈறு, கீழே ஓடும் நரம்பு ஆகிய மூன்றும் பழுதின்றி மிஞ்ச வேண்டும்.

அதே திருமழபாடியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 17. மார்ச்சில் பொதுத்தேர்வு. சனவரியில் ஒரு நாள் காலை, கீழ்த்தாடையில் கடைசிப் பல்லுக்குப் பின்னால் வலி தொடங்குகிறது. மூன்றாம் நாள் இரண்டு விரல் அகலத்திற்கு மேல் வாய் திறக்கவில்லை. கன்னம் வீங்கிவிட்டது. சோறு மெல்ல முடியாமல் கஞ்சி குடிக்கிறாள். பாட்டி கிராம்பை அடக்கிக்கொள் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் எருக்கம்பால் வைக்கச் சொல்கிறார். கிராம்பைப் பற்றிப் பிறகு பார்ப்போம். எருக்கம்பால் மட்டும் வேண்டவே வேண்டாம். அது வாயின் மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும்.

இடமில்லாத இடத்தில் ஒரு பல்

பால்பற்கள் 20, நிலைப்பற்கள் 32 என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த 32இல் கடைசியாக வருபவை நான்கு மூலைகளிலும் உள்ள மூன்றாம் கடைவாய்ப்பற்கள். மற்றப் பற்கள் எல்லாம் 13 வயதுக்குள் ஏறத்தாழ முளைத்துவிடும். இவை மட்டும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள், அறிவு முதிரும் பருவத்தில் வருவதால் ஞானப்பல் என்ற பெயர் பெற்றன. கடைசியாக வந்து சேரும் விருந்தாளிக்குப் பந்தியில் இலை இல்லாமற் போவதுண்டல்லவா? அந்த நிலைதான் இப்பல்லுக்கும்.

நம் மூதாதையர் பச்சைக் கிழங்கையும் வேகாத இறைச்சியையும் கடித்து மென்றார்கள். அழுந்த மெல்லும்போது வளரும் தாடை நீண்டு அகலமாகிறது. வேக வைத்து, அரைத்து, குழைத்து உண்ணப் பழகியபின் தாடைக்கு அந்த வேலை இல்லை. உலகின் பல பகுதிகளில் கிடைத்த மண்டையோடுகளை 2011இல் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு, வேட்டையாடி உண்ட மக்களைவிட வேளாண்மை செய்து உண்ட மக்களின் கீழ்த்தாடை குட்டையாக இருப்பதைக் காட்டியது. தாடை குறுகியது, பல்லின் அளவு அந்த அளவுக்குக் குறையவில்லை. இன்று உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஞானப்பல் ஒன்றாவது முழுதாக முளைக்க இயலாமல் சிக்கிக்கொள்கிறது. ஏறத்தாழ அதே அளவினருக்கு ஒன்றோ பலவோ உருவாவதே இல்லை. அவர்களை அதிர்டசாலிகள் என்று சொல்லவும் தோன்றுகிறது.

இந்தத் தொல்லை இல்லாத உயிரினங்களும் உண்டு. திருமழபாடிக்கு வடக்கே, பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரைச் சுற்றியுள்ள களிமண் நிலத்தில் சுறாமீன்களின் பற்கள் கல்லாகிக் கிடைக்கின்றன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. சுறாவுக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்துகொண்டும் முளைத்துக்கொண்டும் இருக்கும். நமக்கோ இரண்டே தடவை.

ஞானப்பல் சிக்கும் விதங்கள் பல. பெரும்பாலும் அது முன்பக்கம் சாய்ந்து, தனக்கு முன்னிருக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் இடுப்பில் முட்டி நிற்கும். சில பற்கள் நிமிர்ந்தே இருந்தும் பாதியில் நின்றுவிடும். சில முற்றிலும் படுத்துக் கிடக்கும். சில பின்பக்கமாகச் சாய்ந்து தாடையின் ஏறு எலும்புக்குள் தலையை நுழைத்திருக்கும். இவற்றை எடுப்பதுதான் மிகவும் சிரமம். ஏனெனில் மேலே தூக்கும்போது அவை இன்னும் பின்னோக்கியே போகப் பார்க்கும்.

பாதி முளைத்த பல்லின்மேல் ஈறு ஒரு மடல்போல் மூடியிருக்கும். அந்த மடலுக்கு அடியில் சோற்றுப் பருக்கையும் எச்சிலும் புகுந்துகொள்ளும். துலக்கும் குச்சியோ தூரிகையோ புகாது. காற்றில்லாத அந்த இடுக்கில் பாக்டீரியங்கள் பெருகுகின்றன. மடல் வீங்க, மேற்பல் அதைக் கடிக்க, இன்னும் வீங்குகிறது. நம் மாணவிக்கு நேர்ந்தது இதுவே.

இதை நம் நாட்டு மருத்துவர்கள் பழங்காலத்திலேயே அறிந்திருந்தார்கள். சுசுருத சங்கிதையில் தாடையின் கடைசிப் பல்லருகே பெரு வீக்கமும் கடும் வலியும் எச்சில் ஒழுகலும் கொண்ட நோய் ஒன்று ‘அதிமாம்சகம்’ என்ற பெயரில் கூறப்படுகிறது. மிகையாக வளர்ந்த அந்தச் சதையை அரிந்துவிடுவது அதற்குச் சொல்லப்படும் மருத்துவம். பல் முளைக்கும்போது கடுமையாக வலித்து, முளைத்தபின் வலி அடங்கும் வேறொரு நிலையும் அந்நூலில் தனியாகக் குறிக்கப்படுகிறது. பல்லைச் சுத்தம் செய்ய ‘தந்தசங்கு’ என்ற கருவியும் இருந்தது. சோழர் காலத்திலும் அறுவை மருத்துவருக்குத் தனி இடம் இருந்தது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு கூறும் 15 படுக்கை மருத்துவமனையில், மருத்துவரைத் தவிர, சல்லியக்கிரியை செய்பவர் ஒருவரும் சம்பளம் பெற்றார்.

அப்போது இல்லாத இரண்டு உதவிகள் இன்றைய மருத்துவருக்கு உண்டு: வலியை நிறுத்தும் மருந்து, எலும்புக்குள் காட்டும் ஒளி.

கத்தி எடுக்கும் முன்

வீங்கிச் சீழ் கோத்திருக்கும் வேளையில் பெரும்பாலும் பல்லை எடுக்கமாட்டார்கள். முதலில் மடலுக்கு அடியில் உப்புநீரால் கழுவி, வேண்டுமானால் மருந்து கொடுத்து வீக்கத்தை வடியவைப்பார்கள். வாய் திறக்கத் தொடங்கியபின் அறுவைக்கு நாள் குறிப்பார்கள். நம் மாணவி தேர்வு முடிந்தபின் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், வீக்கம் திரும்பாத வரை அது நியாயமான கேள்வியே. ஆனால் விழுங்க முடியவில்லை, நாக்கின் அடி தூக்கிக்கொண்டது, கழுத்து இறுகுகிறது, மூச்சுத் திணறுகிறது என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. பல்லின் சீழ் தாடைக்கு அடியில் பரவிவிட்டது என்று பொருள். செருமானிய மருத்துவர் லூத்விக் 1836இல் இந்நிலையை விவரித்தார். அக்காலத்தில் பெரும்பாலோர் இதில் இறந்தார்கள். திருமழபாடியைச் சேர்ந்தவர்களுக்கு 2022 முதல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அத்தகைய வேளையில் நேரே அதுபோன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சிக்கிய பல் எல்லாவற்றையும் எடுத்தே தீரவேண்டுமா? வேண்டியதில்லை. தொல்லை தராத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் 2000ஆம் ஆண்டில் வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். இதனால் தேவையற்ற அறுவைகள் குறைந்தன. ஆனால் பல ஆண்டுகள் கழித்து, முட்டி நின்ற இடத்தில் பக்கத்துப் பல் சொத்தையாகி வந்தவர்களும் உண்டு. ஆகவே எடுக்காமல் விட்ட பல்லை ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும் என்பது என் கருத்து. விட்டுவிட்டு மறப்பது சரியன்று.

இராண்ட்ஜென் 1895 நவம்பரில் எக்ஸ்-கதிரைக் கண்டார். சில வாரங்களிலேயே, 1896 சனவரியில், செருமனியின் பல் மருத்துவர் ஓட்டோ வால்க்கோஃப் தம் வாய்க்குள்ளேயே ஒளித்தகட்டை வைத்து 25 நிமிடம் கதிர் பாய்ச்சிப் பற்களைப் படமெடுத்தார். இன்று அது நொடிக்குள் முடியும் வேலை. இப்போது இரு தாடைகளையும் ஒரே நீளப் படமாகக் காட்டும் ஓ.பி.ஜி. படத்தைத்தான் ஞானப்பல்லுக்கு முதலில் எடுக்கிறார்கள். பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு ஆழம், வேர்கள் நேரா வளைவா, வேர் நுனிக்கும் நரம்புக் குழாய்க்கும் இடைவெளி எவ்வளவு என்பவற்றை மருத்துவர் அதில் பார்ப்பார்.

பிறகு மரத்துப்போகும் ஊசி. கீழ்த்தாடையின் வெளி எலும்பு தடித்தது. பல்லருகே ஈற்றில் போடும் ஊசி உள்ளே ஊறிப்போகாது. ஆகவே நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் வாசலிலேயே, வாயின் கடைக்கோடியில், மருந்தைச் செலுத்துகிறார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் இம்முறையை 1880களின் நடுவில் கொக்கெயினைக் கொண்டு செய்து காட்டினார். அந்த ஆய்வில் அவரே கொக்கெயினுக்கு அடிமையானது சோகக் கதை. சுவீடன் வேதியியலார் லோஃப்கிரென் 1943இல் தயாரித்த லிக்னோகெயினைத்தான் இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அதில் 80,000 பங்குக்கு ஒரு பங்கு அட்ரினலின் சேர்ப்பதுண்டு. அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் மருந்து அங்கேயே தங்கி நிற்கும். இரத்தமும் குறைவாகக் கசியும். சற்று நேரத்தில் கீழுதட்டில் பாதி மரத்துப்போகும். உதடு மரத்தால் தாடையும் மரத்தது என்று அறியலாம். ஏனெனில் இரண்டுக்கும் போவது ஒரே நரம்பு.

ஈற்றைத் திறக்கும் முறை

இங்கேதான் கலை இருக்கிறது. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு ஆள்காட்டி விரலால் உங்கள் கீழ்த்தாடையின் கடைசிப் பல்லுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். பல் வரிசை நேராகப் பின்னோக்கிப் போவதாகத் தோன்றும். ஆனால் எலும்பு அப்படிப் போவதில்லை. கன்னத்தின் பக்கமாக விரிந்து மேலேறுகிறது. பல் வரிசையின் நேர்கோட்டிலேயே கத்தியை இழுத்தால் அது எலும்பை விட்டு விலகி நாக்குப் பக்கத்துச் சதைக்குள் போய்விடும். அங்கே, மெல்லிய ஈற்றுக்கு அடியில், நாக்கின் உணர்வு நரம்பு ஓடுகிறது. ஆகவே பின்கீறல் எப்போதும் கன்னத்தை நோக்கித் திரும்ப வேண்டும். பயிற்சி மாணவருக்கு முதலில் கற்றுத்தரும் பாடம் இது.

முன்பக்கம் எப்படிக் கீறுவது என்பதில் இரண்டு பெரிய வழிகள் உள்ளன. ஒன்று, இரண்டாம் கடைவாய்ப்பல்லின் கழுத்தை ஒட்டியே ஈற்றோரமாகக் கீறிக்கொண்டு வந்து, ஈற்றைக் கடித உறையின் வாயைத் திறப்பதுபோல் விலக்குவது. இதற்கு உறை மடல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, இரண்டாம் கடைவாய்ப்பல்லின் அருகே கன்னத்தின் மடிப்பை நோக்கிச் சாய்வாக இன்னொரு கீறலும் போட்டு, ஈற்றை ஒரு மூலையிலிருந்து புரட்டுவது. இது முக்கோண மடல். இதில் உள்ளே நன்றாகத் தெரியும். ஆனால் வெட்டு ஒன்று கூடுதல். மூன்றாவதாக, 1971இல் சிமிட் என்பவர் கூறிய மாற்றம் ஒன்று உண்டு. இரண்டாம் கடைவாய்ப்பல்லின் கழுத்தை ஒட்டிய ஈற்றை ஒரு மெல்லிய பட்டைபோல் அப்படியே விட்டுவிட்டு, அதற்கு வெளியே கீறுவது அம்முறை. அந்தப் பல்லின் கழுத்துக்கும் ஈற்றுக்கும் உள்ள இயற்கைப் பிடிப்பு கலையாது என்பது அதன் நியாயம்.

எந்த மடலானாலும் இரண்டு விதிகள் மாறாதவை. மடலின் அடி அகலமாகவும் நுனி குறுகலாகவும் இருக்க வேண்டும். மடலுக்கு இரத்தம் அடியிலிருந்துதான் வருகிறது; அடி குறுகினால் நுனி பட்டினி கிடந்து கருகும். இரண்டாவது, திரும்ப மூடும்போது மடலின் ஓரம் திடமான எலும்பின்மேல் உட்கார வேண்டும். பானையின் விளிம்பில் அமராமல் உள்ளே விழும் மூடியால் என்ன பயன்? பல் இருந்த பள்ளத்தின்மேல் தையல் கோடு விழுந்தால் அது தொய்ந்து பிரிந்துவிடும்.

எலும்பின் மேல் ஒரு மெல்லிய உறை ஒட்டியிருக்கிறது. எலும்பை வளர்க்கும் செல்கள் அதில் உள்ளன. ஈற்றைத் தூக்கும்போது அந்த உறையையும் கிழியாமல் சேர்த்தே தூக்குகிறார்கள். தட்டையான கருவியை எலும்போடு ஒட்டிவைத்து மெல்ல நகர்த்தினால் பலாச்சுளையிலிருந்து சவ்வு உரிவதுபோல் வரும். உறை கிழிந்தால் மறுநாள் வீக்கமும் வலியும் கூடும்.

கட்டிலும் வாசலும்

பல் தெரிந்தபின் அதைச் சுற்றிய எலும்பில் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். முன்பெல்லாம் உளியும் சுத்தியலும் கொண்டு, நாக்குப் பக்கத்து எலும்பையே பிளந்து பல்லைப் புரட்டும் முறை பிரிட்டனில் பெரிதும் வழங்கியது. வேகமான முறைதான். ஆனால் நாக்கு நரம்பு அந்தப் பக்கம் இருப்பதால் இப்போது பெரும்பாலோர் அதைக் கைவிட்டு, சுழலும் பல்முனைக் கருவியால் கன்னப் பக்கத்து எலும்பைத் தேய்த்தெடுக்கிறார்கள்.

சுழற்சியில் வெப்பம் பிறக்கும். எலும்பு எவ்வளவு சூடு தாங்கும்? சுவீடன் ஆய்வாளர்கள் 1983இல் முயல் எலும்பில் சோதித்து, 47 டிகிரி செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புக்குக் கேடு வரும் என்று கண்டார்கள். நம் உடல் வெப்பத்தைவிடப் பத்து டிகிரிதான் கூடுதல்! அதனால்தான் கருவி சுழலும் நேரமெல்லாம் உதவியாளர் உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கிறார். சாதாரணமாகப் பல்லைக் குடையும் காற்றுச் சுழலியை இங்கே பயன்படுத்துவது நல்லதல்ல. அதிலிருந்து பீறிடும் காற்று ஈற்றுக்கு அடியில் புகுந்து முகமே உப்பிவிடக் கூடும்.

எலும்பை எவ்வளவு எடுப்பது? வீட்டிற்குள் அகலமான மரக்கட்டில் இருக்கிறது, வாசல் சிறியது. சுவரை இடிப்பீர்களா, கட்டிலைக் கழற்றுவீர்களா? ஞானப்பல்லையும் கழற்றித்தான் எடுக்கிறார்கள். முன்சாய்ந்த பல் என்றால், பக்கத்துப் பல்லில் முட்டும் பகுதியை அறுத்துப் பிரிப்பார்கள். சில பற்களில் தலையை முதலில் எடுத்துவிட்டு, வேர்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார்கள். எறிந்துவிடப்போகும் பல்லை எத்தனை துண்டாக்கினாலும் நட்டமில்லை. எலும்போ, இழந்தால் பக்கத்துப் பல்லின் பின்சுவர் போய்விடும்.

நரம்பின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாயில் ஓடும் நரம்பு, முன்பக்கத் துளை வழியாக வெளியே வந்து உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருகிறது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அந்தக் குழாயைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும். சூடான தேநீர் சுட்டாலும் தெரியாது, வாயோரம் சோறு ஒட்டியிருந்தாலும் தெரியாது. நூற்றில் சிலருக்கு இப்படி நேர்ந்து வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகிறது. நிலைத்துவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அந்த ஒருவருக்கு அது வாழ்நாள் குறை. வேர் நரம்பைத் தொடுவது படத்தில் தெரிந்தால், பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேர்களை உள்ளேயே விட்டுத் தைக்கும் முறையும் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் 1984இல் வெளியான கட்டுரை ஒன்றில் எக்கியே, தெபியன் என்ற இருவர் இதை விளக்கினார்கள். விட்ட வேர்கள் சும்மா இருப்பதில்லை. முதல் ஓரிரு ஆண்டுகளில் அவை சில மில்லிமீட்டர் மேலே ஏறி, நரம்பை விட்டு விலகிவிடுகின்றன.

குழி நிரம்பும் கதை

பல் போன குழியில் சில நிமிடங்களில் இரத்தம் நிறைந்து உறைகிறது. இரத்தத் தட்டணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் பின்னிய வலை அது. வெறும் அடைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். கட்டடத்திற்குச் சாரம் கட்டுவதுபோல், புதிய செல்கள் ஏறி வருவதற்கு அதுதான் சாரம். அரை மணி நேரம் பஞ்சுத்துணியைக் கடித்திருக்கச் சொல்வது அது அசையாமல் நிற்பதற்காக. அன்று முழுவதும் காறித் துப்பக் கூடாது, குழல் வைத்து உறிஞ்சக் கூடாது, சூடாகக் குடிக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தக் கட்டியைக் காப்பதற்கே.

வீக்கம் உச்சத்தை எட்டுவது இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான். அறுவை நடந்த அன்று நன்றாக இருந்தேனே, இன்று ஏன் இப்படி என்று பயப்பட வேண்டாம். காயத்தைச் சுத்தம் செய்யும் வெள்ளணுக்கள் கூடும் நேரம் அது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். ஏறத்தாழ ஏழாம் நாள் தையலைப் பிரிப்பார்கள். இதற்குள் மெல்லிய இரத்தக் குழாய்கள் கட்டிக்குள் முளைத்துச் சிவந்த புதுத் திசு குழியின் சுவரிலிருந்து வளரத் தொடங்கியிருக்கும். ஈற்றின் மேல்தோல் ஓரங்களிலிருந்து அதன்மேல் ஊர்ந்துவந்து மூன்று நான்கு வாரங்களில் வாயை மூடுகிறது. மேலே பார்த்தால் ஆறிவிட்டது. உள்ளே எலும்பு வேலை அப்போதுதான் சூடு பிடிக்கிறது. இரண்டு மாத அளவில் குழியில் இளம் எலும்பு நிறைகிறது. அது முதிர்ந்து பழைய எலும்போடு கலக்க ஆறு மாதம், சிலருக்கு இன்னும் கூடுதல் காலம் ஆகும்.

சிலருக்கு இடையில் தடங்கல் வருகிறது. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள், குறைந்துவந்த வலி திடீரென்று கூடும். காதுவரை இழுக்கும். மாத்திரைக்கு அடங்காது. வாயில் கெட்ட நாற்றம். குழியைப் பார்த்தால் இரத்தக்கட்டி கரைந்துபோய் வெறும் எலும்பு வெளுப்பாகத் தெரியும். 1896இல் கிராஃபோர்டு என்பவர் இதற்கு உலர்குழி என்று பொருள்படும் பெயரை வைத்தார். சாதாரணமாகப் பல் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குள்தான் இது வருகிறது. கீழ் ஞானப்பல் அறுவைகளிலோ சில ஆய்வுகளில் முப்பது பேர் வரைகூட வந்திருக்கிறது. புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் எளிதில் வரும்.

இதற்குச் செய்வது மிக எளிது. உப்புநீரால் கழுவி, யூஜினால் கலந்த மருந்துத் துணியைக் குழியில் வைக்கிறார்கள். யூஜினால் எது? கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி அதுதான். பாட்டி சொன்ன கிராம்பு மருத்துவர் மேசைக்கே வந்துவிட்டது பாருங்கள். ஆனால் கிராம்பு எண்ணெயை நீங்களே பஞ்சில் நனைத்துக் குழிக்குள் திணிக்கக் கூடாது. அளவு மீறினால் அது செல்களை எரிக்கும்.

இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை

உறை மடலா, முக்கோண மடலா? இறுக மூடித் தைப்பதா, சிறிது வழி விட்டுத் தைப்பதா? இவற்றில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மருத்துவர், நான் முப்பது ஆண்டாக இப்படித்தான் செய்கிறேன் என்றால் அது சான்றாகாது. ஒருவருக்கு ஒரு முறையும் இன்னொருவருக்கு வேறு முறையும் செய்து ஒப்பிட்டால், இருவரின் வயது, எலும்பு, வலி தாங்கும் குணம் எல்லாம் வேறு வேறாக இருக்கும்.

ஞானப்பல் ஆய்வாளர்களுக்கு இயற்கை ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. பலருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பல் சிக்கியிருக்கும். ஆகவே ஒரே ஆளின் இடப்பக்கம் ஒரு முறை, சில வாரம் கழித்து வலப்பக்கம் மற்றொரு முறை. எந்தப் பக்கம் எது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்கிறார்கள். பிறகு வீக்கத்தை அளப்பவருக்கு எந்தப் பக்கம் எந்த முறை என்று சொல்லமாட்டார்கள். தெரிந்தால் அவரையறியாமலே கை ஒரு பக்கம் சாயும். ஒரே நாளில் இரு பக்கமும் செய்யாமல் இடைவெளி விடுவது ஏன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்: இரண்டும் சேர்ந்து வலித்தால் எது எவ்வளவு வலிக்கிறது என்று நோயாளியால் பிரித்துச் சொல்ல இயலுமா?

இப்படி உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு, 2020இல் 62 சோதனைகளை எடுத்துக்கொண்டது. பங்கேற்றவர்கள் 4,643 பேர். முக்கோண மடலில் உலர்குழி குறையலாம் என்று தெரிந்தது. இறுக மூடாமல் வழி விட்டுத் தைத்தால் முதல் நாட்களில் வீக்கமும் வலியும் சற்றுக் குறையலாம் என்று வேறு ஆய்வுகளும் கூறுகின்றன. ஆனால் பெரும்பாலான கேள்விகளுக்குக் கிடைத்த சான்று உறுதி குறைந்தது என்றே அத்தொகுப்பு சொல்லிவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோடிக்கணக்கில் நடந்துவரும் ஓர் அறுவையில் இன்னும் இவ்வளவு தீராத கேள்விகளா என்று எனக்கே வியப்புத்தான். அதைச் சொல்ல அவர்கள் தயங்கவில்லை என்பதை நான் மதிக்கிறேன்.

ஆகவே எல்லோருக்கும் ஒரே மடல் என்று இன்று யாரும் விதி வகுப்பதில்லை. பல் ஆழத்தில் படுத்துக் கிடந்தால் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முக்கோணத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். மேலாகவே இருந்தால் உறை போதும். நம் மாணவிக்குப் பல் முன்சாய்ந்து, பாதி முளைத்து, வேர்கள் நரம்புக்கு மேலே நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வயது 17 என்பது அவளுக்குச் சாதகம். வேர்கள் மூன்றில் இரண்டு பங்குதான் வளர்ந்திருக்கும். எலும்பும் முதியவர்களுடையதைப்போல் இறுகியிராது. காயமும் விரைவில் ஆறும். அவளுக்கு ஏப்ரலில் அறுவை என்றால் மே மாதத்தில் ஈறு மூடியிருக்கும்.

ஆறு மாதம் கழித்து மருத்துவர் அவளை மறுபடியும் வரச்சொல்வார். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பியை இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்பக்கம், பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே மெதுவாக இறக்கிப் பார்ப்பார். 3 மில்லிமீட்டரோடு நின்றால் ஈறு பல்லோடு திரும்பச் சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் இறங்கினால் அங்கே ஒரு பை உண்டாகியிருக்கிறது. மறுபடியும் பருக்கை தங்கும். அப்போது அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தூரிகையை எந்தக் கோணத்தில் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்று கண்ணாடியில் காட்டிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் அளப்பார்.